கூண்டில்லாத காடு

படம் முடிந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். மாயாண்டி மட்டும் எழவில்லை.

பின்னால் கிடந்த ஒரே பெஞ்சில், தூணில் தோள் சாய்த்து, கறுப்புக் கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. சிங்கத்தையும் யானையையும் காட்டியும் மனுஷன் தூங்கிட்டாரே என்று யாரோ கேலி செய்தார்கள். பக்கத்தில் போன நாகலெட்சுமி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கையை எடுத்தபோது விரலெல்லாம் சிவப்பு...

அவள் போட்ட அலறலில் வாசலுக்குப் போனவர்களும் திரும்பி ஓடிவந்தார்கள்.

திரைக்குப் பக்கத்தில் வாயில் வைத்துப் பேசும் தகரக் குழலோடு நின்றிருந்த இசபெல்லுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். இவ்வளவு நேரம் வரிக்குதிரைக்கும் சிங்கத்துக்கும் தமிழ் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். கூட்டம் விலகி மாயாண்டியின் முகம் தெரிந்ததும் குழல் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

மாயாண்டி தோட்டத்துச் சங்கத் தலைவர். திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று தொழிலாளிகளின் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமையே ஆளை முடித்துவிட்டார்கள்.

கரடிக்கல் தேயிலைத் தோட்டத்தில் கரடி கிடையாது. கல் நிறைய உண்டு. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் பஸ் ஏறி, இறங்கி, அப்புறம் ஒரு மணி நேரம் ஏறி நடக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அதைத் தாண்டினால் இன்னொரு மலை. அங்கே பிறந்தவர்கள் முழு வானத்தை ஒருமுறைகூடப் பார்க்காமலே செத்துப்போவார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில்தான் தோட்டத்து மேனேஜர் ஹார்கிரீவ்ஸ் துரை ஆப்பிரிக்காவைக் கொண்டுவந்து காட்டினார்.

போன வருஷ லீவில் துரை டாங்கனிக்கா போயிருந்தார். மனுஷ வாடையே இல்லாத ஒரு மூலையில், ஒரு பெரிய மிருக சரணாலயத்தில், அவருடைய கூட்டாளி காவல் அதிகாரி. அங்கே தங்கிக் கைக்கேமராவில் படம் பிடித்து வந்தார். அடுத்த மாதம் மறுபடியும் போவதாக இருந்தார். வேலைநிறுத்தம் வந்தால் அந்தப் பயணம் அம்போதான். தொழிலாளிகளைக் கொஞ்சம் குளிரவைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஞாயிறு பிற்பகல் எல்லோருக்கும் படம் காட்டப்போவதாகச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பு கிடையாது. தொழிற்சாலை மேல்மாடியில் கொழுந்து வாட்டும் கூடம் காலியாகக் கிடந்தது. ஜன்னல்களில் சாக்கை அடித்து இருட்டாக்கினார்கள். கரண்டுக்காகத் தொழிற்சாலை எஞ்சினை ஓடவிட்டார்கள். மழையில் நனைந்து வந்தவர்கள் வழக்கம்போலக் கம்பளிகளை வாசலில் குவித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். மாயாண்டிக்கு இழுப்பு நோய் என்பதால் அவர் மட்டும் கம்பளியைக் கழற்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் படம் காட்டும் மெஷின். அதற்குப் பின்னால் கம்பளிக் குவியல். அப்புறம் வாசல்.

மெஷினை ஓட்டியவன் லியனார்ட். இசபெல்லின் புருஷன். ஹட்டனில் டென்ட் சினிமாவில் ஆபரேட்டராக இருந்தவன்.

"அங்கே எந்த மிருகத்துக்கும் கூண்டு கிடையாது" என்று துரை சொன்னதை இசபெல் குழலில் தமிழாக்கினாள். திரையில் புல்வெளி விரிந்தது. புல்... புல்... அதற்கு முடிவே இல்லை. குடை பிடித்தாற்போல ஒற்றை ஒற்றை மரங்கள். மரத்தடியில் சிங்கங்கள் மத்தியானத் தூக்கம் போட்டன. தாம்பாளம் போன்ற ஒரு பள்ளத்தாக்கில் தாடி வைத்த மான்கள் ஆயிரம் ஆயிரமாக ஓடின. ஒரு ஏரி முழுக்க ரோஜா நிறப் பறவைகள் என்று அவள் சொன்னாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது சாம்பலாகத்தான் தெரிந்தது. இம்புட்டு எடம் சும்மா கெடக்கே, ஏன் தேயிலை போடல என்று ஒரு கிழவர் கேட்டதற்குக் கூடமே சிரித்தது.

கடைசியில் காலொடிந்த ஒரு காட்டெருமை. துரையின் கூட்டாளி துப்பாக்கியைத் தூக்கினார்.

"இப்ப சுடப்போறாங்க. எல்லாரும் காதைப் பொத்திக்குங்க!" என்றாள் இசபெல்.

பொத்திக்கொண்டார்கள்.

டுமீல்!

எருமை மடிந்து விழுந்தது. புல்வெளிமேல் ஒரு சாம்பல் மேகம் மெல்ல நகர்ந்து போனது. கூட்டம் கை தட்டியது.

இன்ஸ்பெக்டர் மரியரட்ணம் ஹட்டனிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். பண்டாரவளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர். எந்தப் பிணத்தைப் பார்த்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. நாக்கில் மட்டும் தெரியும்.

மாயாண்டியின் முதுகில் ஒரே ஒரு ஓட்டை. துப்பாக்கியை ஒட்டிவைத்துச் சுட்டதில் கம்பளி கருகியிருந்தது. ரத்தம் முழுவதையும் அந்தக் கம்பளியே குடித்துவிட்டது.

"எத்தனை பேர் இருந்தீங்க?"

தோட்டமே இருந்ததாகச் சொன்னார்கள்.

"வெடிச்சத்தம் கேட்டது யாருக்கு?"

 கடைசியில் எஞ்சின் பார்க்கும் சின்னத்தம்பி முன்னால் வந்தான். "படத்துல எருமையச் சுட்டாங்களே, அந்தச் சத்தம் ஒண்ணுதாங்க கேட்டுச்சு. அப்புறம் லேசா கருகல் வாடை வந்துச்சு. எஞ்சின் பெல்ட்டுன்னு நெனச்சேன்."

"நல்ல கூட்டம்" என்றார் மரியரட்ணம். "மனுஷனை முதுகுல சுட்டிருக்காங்க. நீங்க எருமைக்குக் கை தட்டியிருக்கீங்க."

அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் வாசலில் இருந்த கம்பளிக் குவியலை உதறினான். மேலாக இருந்த கம்பளிக்குள்ளிருந்து ஒரு ரிவால்வர் விழுந்தது.

துரை அதைப் பார்த்ததும் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அது அவருடையது. பங்களா மேஜை இழுப்பறையில் இருந்தது.

கம்பளி அழகனுடையது.

அழகன் பங்களாத் தோட்டக்காரன். பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறவன். பங்களாவுக்குள் போய்வரத் தடை இல்லை. அது மட்டுமா... வெள்ளிக்கிழமை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால், 'துரைக்கு நீ வெலை போயிட்ட, ஒன்னைய வெட்டிப் போடுவேன்' என்று மாயாண்டிமேல் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கியிருந்தான். படத்துக்கும் கடைசியாக வந்து வாசலோரம் உட்கார்ந்தவன் அவன்தான்.

இத்தனையும் சேர்ந்தால் எந்தக் கோர்ட்டும் கயிற்றைத் தேடும். அழகன் கையில் விலங்கு ஏறியது. அவன் பெண்டாட்டி வீரம்மா ஓடிவந்து இசபெல்லின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சரம்மா, நீங்க எல்லாரையும் பாத்து நின்னுக்கிட்டிருந்தீங்க. இவரு எந்திரிச்சாரா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. தூக்குல போட்டுருவாங்கம்மா!"

இசபெல்லால் சொல்ல முடியவில்லை. மெஷின் வெளிச்சம் நேராக அவள் முகத்தில்தான் அடித்தது. அதற்குப் பின்னால் எல்லாம் கும்மிருட்டு. பார்க்கவில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று லியனார்ட் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பயத்தில் இருக்கிறான் என்று நினைத்தாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

படம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவனுக்கு அந்தப் புல்வெளிதான் பேச்சு. இசபெல் தமிழ் சொல்லிப் பழகுவதற்காகத் தொழிற்சாலைக் கரண்டு வரும் நேரத்தில் வெள்ளைச் சுவரில் இரண்டு தடவை ஓட்டிக் காட்டினான். அதற்குமேல் எத்தனை தடவை தனியாக ஓட்டிப் பார்த்தானோ, அவனுக்கே வெளிச்சம். இலங்கைப் பிரஜை இல்லை என்று இங்கே கைவிரித்துவிட்டார்கள். அப்பா பிறந்த ஊர் எது என்று இந்தியாவில் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. துரையோ, மறுபடி போகும்போது மெஷின் பார்க்க ஒரு ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று கேட்டிருந்தார்.

"அங்க மலையே இல்லை இசபெல்" என்பான். "நிமிர்ந்து நின்னா கண்ணு போற தூரம் போகும். நாம பொறந்ததுலேர்ந்து குழிக்குள்ள நின்னுக்கிட்டு இருக்கோம்."

போய் ஒரு வருஷத்தில் அவளையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். அவளுக்கு அவனை அவ்வளவு பிடிக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடந்தது. வேலைநிறுத்தம் நடக்கவில்லை. தலைவர் போனதும் சங்கம் குளிர்ந்துவிட்டது.

இடைவேளையில் பிள்ளைகள் முற்றத்தில் சினிமா விளையாடினார்கள். ஒருத்தி எருமை. ஒருத்தி துரை. கையைத் துப்பாக்கியாக நீட்டினாள். எருமை விழவே இல்லை.

"சத்தம் போட்டாத்தானே விழுவேன்! யாராச்சும் டுமீல்னு சொல்லுங்க!" என்று எருமை கத்தியது.

இசபெல் கையில் இருந்த சாக்கட்டி ஒடிந்தது.

யாராவது சொல்ல வேண்டும்... ஆமாம்! அது துரை கைக்கேமராவில் பிடித்த ஊமைப் படம். சிங்கம் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆயிரம் மான் ஓடியது, குளம்புச் சத்தம் வரவில்லை. அதனால்தானே அவளைக் குழலோடு நிறுத்தினார்கள்! டென்ட் கொட்டகையில் பேசும் படமே பார்த்துப் பழகிய கூட்டம், திரையில் துப்பாக்கியையும் காதில் வெடியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. பக்கத்திலேயே நின்ற அவளும், சுவரில் ஊமையாகப் பார்த்ததை மறந்து, அப்படித்தான் நினைத்தாள்.

வீட்டுக்கு ஓடி லியனார்டிடம் சொன்னாள்.  நமக்கு எதற்கு வம்பு, துரை காதுக்குப் போனால் உன் வேலையும் போகும் என் பயணமும் போகும் என்றான். அவள் கேட்கவில்லை. வீரம்மாவின் கை இன்னும் அவள் காலில் இருப்பதுபோல் இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றாள்.

மரியரட்ணம் முழுதும் கேட்டார். பேனாவை மூடினார்.

"அப்ப சுட்டவனுக்குப் படத்துல அந்த இடம் எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அழகன் அந்தப் படத்தை முன்ன பாத்திருக்கானா?"

"இல்லைங்க. பங்களாவுல காட்டவே இல்லை."

"முன்ன பாத்தவங்க யாரு யாரு?"

"துரை பாத்திருக்காரு. நான் பாத்திருக்கேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

பொய் சொல்லவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணும்போது தன்னையே எண்ண மறந்துவிடுவார்கள் இல்லையா, அப்படித்தான் லியனார்ட் அவள் கணக்கில் வரவில்லை. அவள் மனசு முழுக்கத் துரை இருந்தார். துரையின் ரிவால்வர். துரையின் படம். துரைக்குத்தான் மாயாண்டி எதிரி. துரையின் நாற்காலியும் வாசலோரம்தான் போட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புதன்கிழமை அதே கூடத்தில், அதே படத்தை, அதே ஆட்களை வைத்து மறுபடியும் ஓட்ட வேண்டும் என்றார்.

புதன்கிழமை.

ஜன்னலில் அதே சாக்கு. கீழே அதே எஞ்சின். அவரவர் இருந்த இடத்தில் அவரவர் இருந்தார்கள். மாயாண்டியின் பெஞ்சில் ஒரு கான்ஸ்டபிள், போர்த்திய கம்பளியோடு. வாசலோரம் விலங்குக் கையோடு அழகன். கொஞ்சம் தள்ளி வீரம்மா. துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். லியனார்ட் மெஷினைத் தட்டினான். வெளிச்சம் இசபெல்லின் கண்ணில் குத்தியது.

புல்வெளி வந்தது. இன்று யாரும் சிரிக்கவில்லை. குடைமரம், தூங்கும் சிங்கம், தாம்பாளப் பள்ளத்தாக்கு, சாம்பல் பறவை ஏரி... அவள் குரல் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. ஒரு ஒட்டகச்சிவிங்கி நின்று கூடத்தையே திரும்பிப் பார்த்தது. காலொடிந்த எருமை வந்தது.

"இப்ப சுடப்போறாங்க. எல்லாரும் காதைப் பொத்திக்குங்க."

ஒருவரும் பொத்தவில்லை.

துப்பாக்கி உயர்ந்தது. அந்த வெள்ளைக்காரரின் தோள் ஒருமுறை அதிர்ந்தது. எருமை மடிந்தது.

சத்தமே இல்லை.

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கை தட்டியது எதற்கு என்று தெரிந்ததும் சில பெண்கள் அழுதார்கள். வீரம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இசபெல் அவர்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

புல்வெளி வெறிச்சென்று கிடந்தது. மேகம் இல்லை.

சுவரில் பழகிய இரண்டு தடவையும் இல்லை. இன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் புல்மேல் ஒரு சாம்பல் மேகம் நகர்ந்ததே... அது ஆப்பிரிக்க மேகம் இல்லை. கருகிய கம்பளியின் புகை. வெளிச்சத்துக்குக் குறுக்கே எழுந்த புகை. மெஷின் பக்கத்திலேயே சுட்டால்தான் அது திரையில் விழும். துரையின் நாற்காலி அங்கே இல்லை. அழகனும் அங்கே இல்லை. வேறு யார் வந்து சுட்டிருந்தாலும் மெஷின்காரன் கண்ணில் படாமல் முடியாது.

மெஷின் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் நின்றான். ஓடவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று அவன்தான் அடிக்கடி சொல்வான்.



"டீச்சர்..." இருட்டுக்குள்ளிருந்து மரியரட்ணம் குரல் வந்தது. "இந்தக் காதைப் பொத்துற பேச்சு துரை சொன்ன பேச்சுல இல்லையே. அவர்கிட்ட கேட்டுட்டேன். அதைச் சொல்லச் சொன்னது யாரு?"

வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. அதற்குப் பின்னால் லியனார்ட் இருந்தான். அவன் முகம் தெரியவில்லை. மெஷினின் கிரகிர சத்தம் மட்டும் கேட்டது. சனிக்கிழமை சுவரில் படம் ஓட்டும்போது, இந்த இடத்துல இப்படிச் சொல்லு, சனம் ரசிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்ன அதே ஆள்.

துரை என்று ஒரு வார்த்தை. அது போதும். பாதித் தோட்டம் அதை நம்பத் தயாராக இருந்தது. அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் துரைமாரைத் தூக்கில் போட்டதாக அவள் எந்தக் காலத்திலும் கேள்விப்பட்டதில்லை. துரை வக்கீல் வைத்து வெளியே வந்துவிடுவார். அந்தக் கயிறு சுற்றிச் சுற்றி அழகன் கழுத்துக்குத்தான் வந்து சேரும்.

"நான் கேட்கிறேன்னு நெனைக்காதீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தாளு கையில விலங்கு இருக்கு. அவர் கேட்கிறாரு."

இசபெல் குழலைக் கீழே இறக்கினாள்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க சொல்லச் சொன்னாரு."

மெஷின் சத்தம் சட்டென்று மாறியது. லியனார்டின் கை சுருளில் பட்டதோ, அவனே பிடித்து நிறுத்தினானோ... படம் அப்படியே நின்றது. திரையில் புல்வெளி அசையாமல் நின்றது. நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது. பொட்டு பெரிதானது. குமிழ் விட்டது. மரமும் எருமையும் வானமும் விளிம்பு விளிம்பாகச் சுருண்டு கருகிப் போயின.

விளக்கைப் போட்டார்கள்.

லியனார்ட் ஓடவில்லை. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரிவால்வரைப் பங்களாவுக்குப் படச்சுருள் வாங்கப் போனபோது எடுத்ததாகச் சொன்னான். கம்பளி யாருடையது என்று பார்க்கவில்லையாம். மேலே இருந்ததற்குள் திணித்தானாம். கடைசியாக வந்தவன் கம்பளிதானே மேலே கிடக்கும்!

"வேலைநிறுத்தம் நடந்தா பயணம் இல்லைன்னு துரை சொன்னாருங்க" என்றான். "இந்த ஒரு வழிதாங்க எனக்கு இருந்துச்சு."

துரை பைப்பைத் தட்டினார். தோட்டத் தமிழில் நிதானமாகப் பேசினார். வேலைநிறுத்தமா? அது சனிக்கிழமையே தீர்ந்துவிட்டதே! மாயாண்டி பங்களாவுக்கு வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். படம் முடிந்ததும் எழுந்து அதைச் சொல்வதாகத்தான் ஏற்பாடு. இல்லாவிட்டால் என் படத்துக்கு மாயாண்டி ஏன் வருகிறான்?

லியனார்ட் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"எங்கிட்ட... எங்கிட்ட சொல்லலையேங்க துரை" என்றான் கடைசியில்.

உனக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று துரை உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

அழகன் கையிலிருந்து கழற்றிய விலங்கு சூடு ஆறுவதற்குள் லியனார்ட் கைக்குப் போனது. வாசலில் அவன் இசபெல்லைத் திரும்பிப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். கான்ஸ்டபிள் அவனை ஜீப்புக்கு நடத்திக்கொண்டு போனான். வீரம்மா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இசபெல் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். அது அவளுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

துரை கருகிய சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். அருமையான காட்சி, வீணாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டார். கூண்டே இல்லாத அந்தக் காட்டை இந்த ஜனங்கள் இன்னொரு தடவை பார்க்க முடியாதே என்றார்.

மரியரட்ணம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க துரை. கூண்டுக்கு இங்க ஒரு பஞ்சமும் இல்லை... சிங்கத்தை மட்டும்தான் நாங்க எப்பவும் வெளியில விட்டுடறோம்."